சேவல் அம்மா கூப்பிடாத நாள்

சோல்மே புறக்காவல் நிலையத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது துப்பாக்கியைப் பற்றி அல்ல, ஒரு வார்த்தையைப் பற்றி. 'அமைதி' என்கிற வார்த்தை. "என்ன, இன்னிக்கு அமைதியா இருக்கு" என்று எவனாவது வாயைத் திறந்தால் போதும், பத்தே நிமிஷத்தில் ஃபோன் அலறும். மீன் சந்தையில் கத்திக்குத்து, இல்லாவிட்டால் படகுத்துறையில் குடிகாரன் தண்ணீரில், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில். சொன்னவன் எல்லோருக்கும் ஐஸ் காபி வாங்கித்தர வேண்டும் என்பது எங்கள் தண்டனைச் சட்டம். மூடநம்பிக்கை என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நான் பதினெட்டு வருஷமாக இந்தச் சீருடையில் வியர்க்கிறேன், எனக்குத் தெரியும்.

இதை யாரும் பாஸ்டர் பியோவிடம் சொல்லி வைக்கவில்லை. அதுதான் வினை.

எங்கள் நிலையத்துக்கு ஆன்ம ஆறுதல் தருவதற்கென்று இரண்டு பேரை நியமித்திருந்தார்கள். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை சர்ச்சிலிருந்து ஒரு பாஸ்டர் வருவார். நான்காவது செவ்வாய்க்கிழமை மலைக்கோயிலிலிருந்து புத்த பிக்கு ஹேமுன் சாமி வருவார். யார் வருகிறாரோ அன்றைக்கு நாங்கள் அந்த மதம். உள்ளதைச் சொன்னால், எங்கள் பக்தி கொண்டுவருகிற பண்டத்தைப் பொறுத்தது. ஹேமுன் சாமி சுத்த சைவம், ஆனால் எங்களுக்கு இறைச்சி போட்ட பீட்சா வாங்கிவருவார். அதனால் அவர் பக்கம் பக்தி எப்போதும் ஒரு படி தூக்கலாக இருக்கும். பழைய பாஸ்டர் ஓய்வு பெற்று, புதிதாகப் பியோ வந்தார். நாற்பது வயது, கஞ்சி போட்ட சட்டை, கையில் சிவப்புப் பயறு தூவிய அரிசிக் கேக். எங்களுக்கெல்லாம் முகம் தொங்கிவிட்டது.

பண்டம் கிடக்கட்டும். அந்த மாதம் எங்களுக்கு உண்மையிலேயே ஒரு ஆறுதல்காரர் தேவைப்பட்டார். எனக்கில்லை, ஓக் அண்ணனுக்கு.

ஓக் சங்மான் என்னுடன் பத்து வருஷமாக ஒரே ரோந்து வண்டியில் வருகிறவர். ஐம்பத்திரண்டு வயது. வண்டியில் அவர் விடுகிற குறட்டை, உரிக்கிற அவித்த முட்டை, அடிக்கிற மட்டமான ஜோக் எல்லாவற்றையும் பத்து வருஷம் சகித்திருக்கிறேன். அவரை வேறு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். நான் சொல்லலாம், அது வேறு.

எங்கள் பகுதியில் நாம் கிபே என்று ஒரு பெரியவர் இருந்தார். மீன்பிடிக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். தினமும் நிலையத்துக்கு ஃபோன் செய்வார். டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லை, குக்கர் மூடி திறக்கவில்லை, மணி என்ன. ஃபோனை எடுப்பது ஓக் அண்ணன்தான், போய்ச் சரிசெய்துவிட்டுத் திட்டிக்கொண்டே திரும்புவதும் அவர்தான். ஜூன் மாதம் ஒருநாள் காலை பதினொரு மணி. இரண்டு பேரும் நிலையத்து வாசலில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தோம். அண்ணன் காலை நீட்டிக்கொண்டு, "என்ன அமைதிடா இது. கிபே பெரிசுகூடக் கூப்பிடல" என்றார். நான் ஐஸ் காபிக்கு ஆசைப்பட்டு, "சொல்லிட்டீங்க, தண்டம் கட்டுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டினார்.

பெரியவர் குளியலறையில் விழுந்து கிடந்தார். மறுநாள்தான் பார்த்தோம். விழுந்தது காலை ஆறு மணிவாக்கில் இருக்கும், அதற்குப் பிறகும் பல மணி நேரம் உயிர் இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். டாக்டர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

அதற்குப் பிறகு ஓக் அண்ணன் வண்டியில் ஏறவில்லை. இருபத்துமூன்று நாட்கள். உள்ளே மேஜையில் உட்கார்ந்து பழைய காகிதங்களை அடுக்கினார். தலைமையகத்து ஆலோசனை மையத்திலிருந்து நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் வந்தது. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கோடு போட்டு அனுப்பினார். நான்காவது செவ்வாய்க்கிழமை ஹேமுன் சாமி வந்து, ஒன்றும் பேசாமல் அவருக்கு எதிரே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆகா, இது மௌனத்தால் ஆற்றும் வித்தை என்று நினைத்து நான் கால் ஓசைப்படாமல் நடந்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் சாமி தூங்கிக்கொண்டிருந்தார்.

ஜூலையின் இரண்டாவது செவ்வாய் காலை, அண்ணன் சட்டைப் பையில் ஒரு வெள்ளை உறையைப் பார்த்தேன்.

"என்னண்ணே அது?"

"விலகல் கடிதம். பெரிய அதிகாரி யோம் சார் தலைமையகத்துலேர்ந்து நாலு மணிக்கு வருவார். கையில குடுத்துட்டு வீட்டுக்குப் போறேன்."

"வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க?"

"முட்டை அவிப்பேன்."

எனக்கு அழுகையும் வந்தது, அவரை அறையவேண்டும் போலவும் இருந்தது. என்ன சொன்னாலும் முடியாது என்று தலையை ஆட்டினார். அந்தக் கவலையில் ஒன்பது மணி ஆனது எனக்குத் தெரியவில்லை. ஒன்பது என்றால் சேவல் அம்மா கூப்பிடும் நேரம். மேட்டுத் தெருவில் இருக்கும் மா போக்சில் அம்மா, பக்கத்து வீட்டில் குக் என்கிற கிழவர் வளர்க்கும் சேவல் தன்னை விடியும் முன்னே எழுப்பிவிடுகிறது என்று ஒரு வருஷமாகத் தினமும் ஒன்பது மணிக்குப் புகார் செய்கிறவள். சேவலைக் கைது செய்யும்வரை விடமாட்டாளாம். ஒன்பதரைக்குக் கடிகாரத்தைப் பார்த்து, நல்லவேளை அவள் கூப்பிடவில்லை, எனக்கு அவளோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி.

பத்து மணிக்குப் பாஸ்டர் பியோ வந்தார். கோடையின் முதல் கொடும் வெயில் நாள், உடம்புத் தெம்புக்கென்று வழக்கப்படி ஊரே கோழி சூப்புக்குப் பானை ஏற்றியிருந்த நாள். எங்களுக்கு அரிசிக் கேக். கூடவே இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு துணிப் பேனர்: 'காவல் வீரர்களே, உங்கள் மனச்சுமையை எங்களிடம் இறக்கி வையுங்கள்.' மேலிடத்துக்கு அனுப்பப் படம் எடுக்க வேண்டுமாம்.

"சிரிங்க சார்" என்றார் ஓக் அண்ணனிடம்.

"இதுதான் என் சிரிப்பு" என்றார் அண்ணன்.

படம் எடுத்து முடித்ததும் பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார். "அன்புள்ள தகப்பனே, இந்த நிலையத்தை இன்னைக்கு இவ்வளவு அமைதியா வெச்சிருக்கீரே, அதுக்காக ஸ்தோத்திரம். இந்த அமைதி இவங்க உள்ளத்துலயும் இறங்கட்டும். இந்த ஊர் பூரா அமைதியா..."

மூன்று தடவை. ஒரே ஜெபத்தில் மூன்று தடவை சொன்ன ஆளை நான் கண்டதில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். ஓக் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "ஆமென்" என்று வேகமாகக் கத்தி முடித்துவைத்தேன்.

ஃபோன் அடித்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே கால்.

கடலோரச் சாலையில் பன்றி லாரி கவிழ்ந்திருக்கிறது, ஓட்டுநருக்கு அடி, பன்றிகள் முப்பத்தொன்று, அத்தனையும் சாலையில். இன்னொரு ரோந்து வண்டி ஊரின் மறுகோடியில் ஒரு விபத்தில் நின்றது. இருப்பது நான் ஒருத்தி.

"முப்பத்தொரு பன்னிண்ணே. நான் ஒத்தைப் பொம்பளை. மேஜையில உட்கார்ந்து காகிதம் அடுக்குவீங்களா?"

அவர் எழுந்தார். கோபமாகத்தான் எழுந்தார், ஆனால் எழுந்தார். நிலையத்தைப் பூட்டி, ஃபோனை வண்டிக்குத் திருப்பிவிட்டோம். வண்டியில் ஏறிப் பார்த்தால் பின்சீட்டில், கைதிகள் உட்காரும் இடத்தில், பாஸ்டர் பேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நீங்க எங்க?"

"ஆபத்துல கூட இருக்கறதுதானே என் வேலை" என்றார். அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது என்று நான் சொல்லவில்லை.

கடலோரம் போனால், கணவாய் காயவைத்திருந்த கொடிகளுக்குள் பன்றிகள் புகுந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கணவாய்க்குச் சொந்தக்காரர் துடைப்பத்தோடு ஓடினார். ஓட்டுநர் தோள் எலும்பு முறிந்து, நெற்றி கிழிந்து, ரத்தம் வழிய வரப்பில் உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை ஓக் அண்ணன் அவர் நெற்றியைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏதேதோ விசாரித்தார். நான் பன்றிகளைப் பார்த்தேன். பன்றிகள் என்னைப் பார்த்தன. அவற்றுக்குச் சீருடை மரியாதை தெரியவில்லை.

வழி கண்டுபிடித்தவர் ஓக் அண்ணன்தான். "பாஸ்டர், அந்தப் பேனரை விரிங்க" என்றார். ஒரு முனையை அவரும் மறுமுனையைப் பாஸ்டரும் பிடித்துக்கொண்டு, சாலையை மறித்து நடந்தார்கள். துணி கண்ட பன்றிகள் பின்வாங்கி, மீன்வலை வைக்கும் பட்டியை நோக்கி நகர்ந்தன. 'உங்கள் மனச்சுமையை எங்களிடம் இறக்கி வையுங்கள்' என்ற எழுத்துகளை நோக்கி ஒரு தடிப்பன்றி மட்டும் நேரே ஓடிவந்து, பாஸ்டரைச் சாணிச் சகதியில் உட்காரவைத்துவிட்டுப் போனது. கஞ்சி போட்ட சட்டை போயே போயிற்று. ஆனாலும் அவர் பேனரை விடவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முப்பத்தொன்றையும் அடைத்து முடிக்கப் பன்னிரண்டாகிவிட்டது. திரும்பும் வழியில் வண்டி நாறிற்று. பின்சீட்டிலிருந்து பாஸ்டர் மகிழ்ச்சியாக, "நல்ல அனுபவம். இப்பதான் கொஞ்சம் அமை..." என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடுங்க பாஸ்டர்" என்றேன். எரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த வார்த்தையை எங்கள் நிலையத்தில் சொல்லக்கூடாது, சொன்னால் என்ன நடக்கும், அவர் மூன்று தடவை சொன்னார், அதோ பன்றி. பாஸ்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அப்ப அந்த டிரைவர்... நான் சொன்னதாலயா?"

அடப்பாவமே, இவரும் நம்பிவிட்டார். தியாலஜி படித்த மனுஷன்.

ஓக் அண்ணன் திரும்பி உட்கார்ந்தார். "பாஸ்டர், இங்க பாருங்க. லாரி எத்தனை மணிக்குக் கவிழ்ந்துச்சு தெரியுமா? டிரைவர்கிட்டக் கேட்டேன். ஒன்பதே காலுக்கு. தூங்கிட்டார். ஃபோன் உடைஞ்சுபோய் ஒரு மணி நேரம் தனியா உட்கார்ந்திருக்கார். நீங்க ஜெபம் பண்ணினப்ப பன்னி எல்லாம் இறங்கி நின்னாச்சு. நீங்க என்ன சொல்லியிருந்தாலும் அது நடந்து முடிஞ்ச விஷயம். சும்மா போட்டு மனசைக் குழப்பிக்காதீங்க."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "கிபே பெரியவர் விழுந்தது ஆறு மணிக்கு. நீங்க அந்த வார்த்தையைச் சொன்னது பதினொண்ணுக்கு. அது மட்டும் எப்படிண்ணே உங்களாலே ஆச்சு?"

அவர் முன்கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வார்த்தையால இல்லம்மா. அது எனக்குத் தெரியாதா? அவர் கூப்பிடலைன்னு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதான்."

நானும்தான் அன்றைக்கு ஐஸ்கிரீம் தின்றேன். காபியும் குடித்தேன். அதில் எனக்கும் பங்கு உண்டு என்று அவரிடம் இருபத்துமூன்று நாளாக நான் சொல்லவில்லை.

இப்போது பாஸ்டர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். சம்பளம் இல்லாவிட்டாலும் அதற்குத்தானே நியமனம். பின்சீட்டில் சாணி நாற்றத்துக்கு நடுவிலிருந்து அவர் சொன்னது இது:

"எங்க சர்ச்ல வயசான ஒரு மூப்பர். ஒவ்வொரு வாரமும் என் பிரசங்கத்துல தப்புக் கண்டுபிடிச்சு, எல்லார் முன்னாடியும் வாசிப்பார். அவர் வராத வாரம் எனக்குச் சொர்க்கம். உள்ளுக்குள்ள ஸ்தோத்திரம் சொல்லுவேன்."

"இப்ப வர்றாரா?" என்று கேட்டார் ஓக் அண்ணன்.

"மூணு வாரமா வரல."

"போய்ப் பார்த்தீங்களா?"

பாஸ்டர் மடியிலிருந்த பேனரை மடிக்க ஆரம்பித்தார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. வண்டி ஃபோனை எடுத்துப் பார்த்தேன். பன்றிக்குக் கிளம்பியதிலிருந்து எதுவும் வரவில்லை.

"அண்ணே, சேவல் அம்மா இன்னிக்குக் கூப்பிடல."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "ஒன்பது மணிக்கு?"

"கூப்பிடல. கூப்பிடலைன்னு நான் சந்தோஷப்பட்டேன்" என்றேன். இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன், மறைக்க ஒன்றுமில்லை.

"வண்டியை எடு" என்றார்.

மேட்டுத் தெருவுக்கு வண்டி போகாது. எழுபது படி. அடிமேல் அடிவைத்து நடக்கிற மனுஷன், அன்றைக்கு இரண்டிரண்டு படியாகத் தாவினார். பின்கதவைத் திறந்துவிட்டதும் பாஸ்டரும் பின்னால் ஓடிவந்தார். மா போக்சில் அம்மாவின் இரும்புக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அண்ணன் தட்டினார், உதைத்தார், கூப்பிட்டார். பதில் இல்லை. சேவலின் சத்தம்கூட இல்லை. அவர் சுவரில் ஏறினார். ஐம்பத்திரண்டு வயதும் அந்தத் தொப்பையும் சுவரின் உச்சியில் ஒரு நிமிஷம் மாட்டிக்கொண்டன. நானும் பாஸ்டரும் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தள்ளினோம். கால்சட்டை டர்ரென்று கிழிந்தது. தொப்பென்று அந்தப் பக்கம் விழும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு பெண்குரல் கேட்டது. "ஏன்டா, சுவர் ஏறிக் குதிக்கிறியே, நீ போலீஸா திருடனா?"

அண்ணன் உள்ளேயிருந்து தாழைத் திறந்துவிட, நாங்களும் போனோம். கொல்லைப்புறத்தில் பாய் விரித்து, மா போக்சில் அம்மாவும் பக்கத்து வீட்டு குக்கும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கல்சட்டியில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. காது மந்தமான கிழவர் குக் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஒரு தொடையை உறிஞ்சினார்.

"ஏன் கூப்பிடல?" என்றார் ஓக் அண்ணன். குரல் உடைந்திருந்தது. "ஒன்பது மணிக்கு ஏன் கூப்பிடல?"

"எதுக்குக் கூப்பிடணும்? சேவல்தான் இல்லையே." அவள் கரண்டியால் சட்டியைக் காட்டினாள். "இந்த மனுஷனுக்கு இன்னிக்குத்தான் புத்தி வந்துச்சு. வெயில் நாளாச்சே, சேர்ந்து சாப்பிடலாம்னு கொண்டுவந்தான். ஒரு வருஷமா நான் கத்துனது உங்க காதுல ஏறல, இவன் காதுல ஏறுச்சு."

ஓக் அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. பாஸ்டர் அவர் பக்கத்தில் போய், ஜெபமும் பண்ணாமல், படமும் எடுக்காமல், சாணிச் சட்டையோடு உட்கார்ந்துகொண்டார். அவர் எங்கள் நிலையத்துக்குச் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான் என்பேன்.

"அழுதது போதும் தம்பி, சாப்பிடு" என்றாள் மா அம்மா. "நீயும் வா பொண்ணே. யாரது, பாஸ்டரா? தள்ளி உட்காரச் சொல்லு, நாறுது."

சட்டியை அவர் முன்னால் நகர்த்தினாள். அடி கொதிக்கும் கல்சட்டி, பாய் கருகிவிடும். "கீழே வைக்க ஏதாவது குடுங்கடா" என்று கத்தினாள். ஓக் அண்ணன் சட்டைப் பையைத் தடவி, கைக்கு வந்ததை எடுத்துப் பாயில் போட்டார். வெள்ளை உறை. சட்டி அதன் மேல் உட்கார்ந்தது. நான் பார்த்தும் பார்க்காதமாதிரி ஒரு இறக்கையை எடுத்துக் கடித்தேன். ஒரு வருஷம் எங்களைப் பாடாய்ப் படுத்திய சேவல், இறைச்சி ரப்பர் மாதிரி இருந்தது. இரண்டு கிண்ணம் குடித்தேன்.

நடுவில் பாஸ்டர் எழுந்து சுவரோரமாகப் போய் ஃபோன் செய்தார். "மூப்பர் ஐயா இருக்காங்களா?" என்பது மட்டும் காதில் விழுந்தது. பிறகு எதிர்முனையில் யாரோ நீளமாகத் திட்டும் சத்தம். பாஸ்டர், "ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா, தப்புத்தான்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது உறையை எடுத்துப் பார்த்தேன். நடுவில் வட்டமாகக் கோழி நெய்யின் கறை, ஓரம் கருகியிருந்தது. "இதை யோம் சார்கிட்ட எப்படிண்ணே குடுப்பீங்க?" என்றேன்.

"வேற எழுதணும்" என்றார். "உறை வாங்கணும். நாளைக்குப் பார்க்கலாம்."

வாசலில் நின்று மா அம்மாவிடம் திரும்பினார். "நாளையிலேர்ந்தும் ஒன்பது மணிக்குக் கூப்பிடுங்க."

"சேவலே இல்லையேடா."

"எதுக்காவது கூப்பிடுங்க. கூப்பிடலேன்னா சுவர் ஏறி வருவேன். எனக்கு வேற கால்சட்டை கிடையாது."

மறுநாள் காலை ஒன்பது ஆக இரண்டு நிமிஷம் இருக்கும்போதே அவர் ஃபோன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். உறை வாங்கியிருக்கவில்லை. நான் முட்டை உரிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். ஒன்பது அடித்தது. ஃபோன் அடிக்கவில்லை. ஒன்பது ஒன்று. ஒன்பது இரண்டு. அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, வண்டிச் சாவியை நோக்கிக் கையை நீட்டினார். அப்போது அடித்தது.

"சோல்மே புறக்காவல் நிலையம், ஓக் சங்மான் பேசறேன்."

மா அம்மாவின் குரல் எனக்கு மூன்று மேஜை தள்ளிக் கேட்டது. "நேத்து ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்லை. அந்தச் சனியன் சத்தம் இல்லாம வீடு ஒரேயடியா அமைதியா இருக்கு. இதுக்கு நீங்க ஒரு வழி பண்ணணும், ஆமா."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்த வார்த்தை. ஓக் அண்ணன் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் நிதானமாக எழுதினார். நேரம், பெயர், தெரு. புகார் என்ற இடத்தில்: அமைதி. பிறகு ஃபோனில், "இதோ வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு, சாவியை என் பக்கம் வீசினார்.